மண் மாறிய பள்ளிகள்: கெடாவின் கல்வி வளாகங்களும் மரபுரிமைப் பாதுகாப்பும்

1. கேள்வி

கெடாவின் பழமையான கல்வி வளாகம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் அலோர் ஸ்டாரின் சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரியைச் சொல்வார்கள். 1908இல் முகமட் இஸ்கந்தார் அரசு ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1935இல் இன்றைய பெயரைப் பெற்றது. துங்கு அப்துல் ரஹ்மானும் மகாதீர் முகமட்டும் அங்கே படித்தவர்கள். இரண்டு பிரதமர்களைத் தந்த கல்லூரியின் வரலாற்றைப் பேணுவதற்கு ஆட்கள் உண்டு. பழைய மாணவர்கள் உண்டு. அரசு மரியாதையும் உண்டு.

அதே மாநிலத்தில் பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் எனத் தெற்கே நீளும் ரப்பர் நிலத்துக்குள் வேறு வகையான வளாகங்கள் இருந்தன. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு கட்டடம், அதன் முன்னே ஒரு திடல், சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில், அப்பால் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள், எல்லாவற்றையும் சுற்றிப் பால்மரங்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று சொன்னால் அது இந்த முழு அமைப்பையும் குறிக்கும். இவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவை இருந்தன என்பதற்கான வரைபடங்கூடப் பல இடங்களில் இல்லை.

ஒரு கல்வி வளாகத்தில் பாதுகாக்கத் தக்கது எது, அதைப் பாதுகாக்கக் கூடியவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கெடாவில் பெயரையும் கல்லையும் காப்பாற்ற நாம் கற்றிருக்கிறோம். அவை நின்ற மண்ணைக் காப்பாற்றக் கற்கவில்லை என்பது என் வாதம். கல்வியின் அன்றாட வேலைக்குள் மண் சேர்ந்துகொண்ட இடங்களில் மட்டுமே அது தப்பியிருக்கிறது என்பதையும் பிற வளாகங்களைக் கொண்டு காட்ட முயல்கிறேன்.

2. ஆய்வுகள் நின்ற இடம்

மலாயா இந்தியர்களைப் பற்றிய அடிப்படை நூல்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. கே.எஸ். சாந்துவின் குடியேற்ற ஆய்வு 1969இலும், அரசரத்தினத்தின் வரலாறும் ரவீந்திர ஜெயினின் தோட்ட ஆய்வும் 1970இலும் வெளியாயின. மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வர்க்கமும் இனமும் சந்திக்கும் இடத்தை ஆராய்ந்தார். எத்தனை பேர் வந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், எப்படிச் சங்கம் அமைத்தார்கள் என்பவற்றை இவர்கள் உறுதியாக நிறுவினார்கள். தோட்டத்தில் யார் எங்கே குடியிருந்தார் என்பது அதிகாரத்தின் வெளிப்பாடு என்பதை ஜெயின் நன்கு கண்டவர். ஆயினும் இந்த நூல்களில் நிலம் மனிதர்களின் கதை நடக்கும் பின்னணியாகவே பெரும்பாலும் நிற்கிறது. அந்த நிலமே ஓர் ஆவணம், அழிந்தால் திரும்ப எழுத முடியாத ஆவணம் என்ற எண்ணத்துக்கு அன்று தேவை எழவில்லை. தோட்டம் கண்ணெதிரே இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் புனைகதை எழுத்தாளர்கள். சுங்கைப் பட்டாணியின் சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், லூனாஸில் பிறந்த ம. நவீன் ஆகியோரின் எழுத்தில் கெடாவின் தோட்டங்கள் தெருத்தெருவாகக் கிடைக்கின்றன. நவீனின் 'பேய்ச்சி' 1981இல் லூனாஸில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட நிகழ்வைத் தொட்டு எழுதப்பட்டது. ஒரு வட்டாரத்தின் நில அமைப்பைத் தெரிந்துகொள்ள நாவலைத் தேடிப் போக வேண்டியிருப்பது அந்த இலக்கியத்தின் வலிமையைக் காட்டுகிறது. ஆவணக் காப்பில் எவ்வளவு பெரிய வெற்றிடம் இருக்கிறது என்பதையும் அதுவே காட்டுகிறது.

3. பள்ளி நின்ற இடம்

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. கெடா அந்தக் கூட்டமைப்புக்கு வெளியே இருந்தது. 1909 உடன்படிக்கையின்படி சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேற்பார்வைக்கு வந்த மாநிலம் அது. எனினும் தோட்டப் பள்ளி இங்கும் ஏறத்தாழ அதே வடிவத்தில் வளர்ந்தது. நிர்வாகம் இடமும் கூரையும் தரும். தொடக்க காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ பாடம் சொல்லிக்கொடுப்பார். செலவைக் குறைப்பதே நிர்வாகத்தின் நோக்கமாக இருந்ததால் பயன்படாமல் கிடந்த கொட்டகை பள்ளியாக மாறுவதும், பால் ஸ்டோருக்கோ ஆயாக் கொட்டகைக்கோ பக்கத்திலேயே வகுப்பு நடப்பதும் சாதாரணம்.

இந்த அண்மையை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. விடிவதற்கு முன் பெற்றோர் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாவிடம் போகும், மூத்தது பள்ளிக்குப் போகும். இரண்டும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் ஒரு தாய் பால்வெட்டுக்குப் போக முடியும். பள்ளி எங்கே நின்றது என்பதைத் தோட்டத்தின் வேலை நேரம் தீர்மானித்தது. ஆகவே கட்டடத்தை மட்டும் படமெடுத்து வைப்பவர் அதன் காரணத்தை விட்டுவிடுகிறார். ஆயாக் கொட்டகையிலிருந்து அது எத்தனை அடி, லயத்திலிருந்து எந்தப் பக்கம், மேனேஜர் பங்களா இருந்த மேட்டிலிருந்து அது கண்ணுக்குத் தெரிந்ததா என்பவையெல்லாம் வரலாற்றுத் தரவுகள்.

பள்ளித் திடலுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. தோட்டத்தில் எல்லோரும் கூடி நிற்கக்கூடிய வெளிகள் இரண்டே. ஒன்று கோயில் முன்றில், மற்றது பள்ளித் திடல். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமியின் தலைமையில் இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகத் திரண்டனர். 1947இன் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் போலீஸாருடன் மோதலாக மாறி உயிரிழப்பில் முடிந்தது. மலாயா இந்தியர்களின் அரசியல் வரலாற்றில் இது சிறிய நிகழ்வன்று. தோட்டத் தொழிலாளி தன் சமூகத்தின் ஒழுக்கத்தைத் தானே வகுத்துக்கொள்ள முயன்ற தருணம் அது. அந்த இளைஞர்கள் அணிவகுத்த தரைக்கு ஒரு குறிப்புப் பலகையாவது வைக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

அதற்கும் முன்னால், ஜப்பானியர் காலத்தில், சயாம் மரண இரயில் பாதை வேலைக்கு இதே தோட்டங்களிலிருந்து ஆண்கள் கொண்டுசெல்லப்பட்டனர். போனவர்களின் பெயர்கள் முறையாகத் தொகுக்கப்படவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளில் தகப்பன் பெயர் இருக்கும், தொழில் இருக்கும், எந்தப் பிரிவு, எந்த லயம் என்ற குறிப்பும் சில வேளை இருக்கும். போருக்கு முந்தைய பதிவேடு ஒன்று எங்காவது கிடைத்தால் அது எத்தனை குடும்பங்களின் கேள்விக்குப் பதிலாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. இடம்பெயர்ந்த சண்டிகள், இடம்பெயர்ந்த பள்ளிகள்

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530 உள்ளன. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு ஆட்கள் குறைவாகவே தேவைப்பட்டார்கள். அதன் பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனதால் பள்ளிகளும் பின்தொடர்ந்தன. பலவும் மூடப்பட்டன, சில ஒன்றோடொன்று இணைந்தன. எஞ்சியவற்றில் பல பழைய உரிமத்தையும் பழைய பெயரையும் எடுத்துக்கொண்டு குடியிருப்புப் பகுதிகளில் புதுக் கட்டடம் எழுப்பின.

கெடாவின் பள்ளிப் பட்டியலில் ஹார்வர்ட் தோட்டத்தின் பிரிவுகள், டப்ளின் தோட்டத்தின் பிரிவுகள், ஸ்கார்பரோ, பட்டாணி பாரா ஆகிய பெயர்கள் இன்றும் உள்ளன. ஒரு தோட்டம் எத்தனை பிரிவுகளாக நடந்தது, அவற்றில் எவை தனிப் பள்ளி வைக்கும் அளவுக்கு மக்கள் வாழ்ந்தவை என்பதை இந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. பெயர் பிழைத்ததற்குக் காரணம் உணர்ச்சி மட்டுமன்று. புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி கிடைப்பது அரிது. இருக்கும் உரிமத்தை இடம் மாற்றுவதே நடைமுறையில் இயலும் வழி. அதனால் சமூகம் உரிமத்தைப் பற்றிக்கொண்டது. அது சரியான முடிவு. ஐந்தாறு பிள்ளைகளோடு செம்பனைக்கு நடுவே ஒரு பள்ளியை நிறுத்தி வைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அது தீங்காகவே முடிந்திருக்கும். என் மனக்குறை வேறு. பள்ளியை மாற்றிய எவரும் மாற்றுவதற்கு முன் பழைய வளாகத்தை அளந்து வரைய வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் விதியும் இல்லை.

இதே வட்டாரத்தில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், இன்னோர் இடப்பெயர்ச்சி கண்ணில் படுகிறது: சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சண்டிகள் எனப்படும் கோயில் கட்டுமானங்களின் இடப்பெயர்ச்சி. பூஜாங் பள்ளத்தாக்கில் 1936, 1937ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸும் அவர் துணைவியார் டோரத்தியும் அகழ்ந்து சுமார் 30 இடங்களுக்கு எண்ணிட்டனர். புக்கிட் பத்து பகாட் சண்டியை 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லாம்ப் மீட்டமைத்தார். அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. பக்கத்து ஓடையும் மலைச் சரிவும் அதனோடு சேர்ந்தே நிற்கின்றன. மெர்போக் அருங்காட்சியகம் அதன் அருகில் எழுந்தபோது பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய சண்டிகளின் கற்களையும் செங்கற்களையும் பெயர்த்து அங்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். கட்டுமானம் தப்பியது. ஆனால் ஆற்றங்கரை வணிகக் குடியிருப்போடு அவற்றுக்கு இருந்த உறவைப் பார்வையாளர் இனிக் கண்ணால் காண முடியாது.

பெயர்க்கப்படாமலும் பயன்படாமலும் நின்ற 11ஆம் எண் சண்டிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. சுங்கை பத்து தோட்ட நிலத்தில் இருந்த அதன் அடித்தளம் 2013இல் வீடமைப்பு வேலைக்காக மண்ணள்ளும் இயந்திரத்தால் சிதைக்கப்பட்டது. செய்தி ஆண்டின் கடைசியில்தான் வெளியே வந்தது. நிலம் தனியாருடையது, இடம் மரபுரிமைத் தலமாக அரசிதழில் பதிவாகவில்லை என்பதே அதிகாரப்பூர்வ விளக்கமாக இருந்தது. அகழ்ந்து, எண்ணிட்டு, நூலில் அச்சிடப்பட்டு முக்கால் நூற்றாண்டாக அறிஞர்களுக்குத் தெரிந்திருந்த இடம் அது. தெரிந்திருப்பது ஓர் இடத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தமிழர்களாகிய நாம் இந்தச் சண்டிகளைப் பற்றிப் பேசும் விதத்தையும் இங்கே கேள்விக்குட்படுத்த வேண்டும். 1025இல் இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்பதோடு பெரும்பாலும் நம் பேச்சு முடிந்துவிடுகிறது. குவாரிச் வேல்ஸே தம் அறிக்கைக்கு இந்தியக் குடியேற்றம் என்ற சட்டகத்தை வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதைப் பெரிதும் கைவிட்டு, உள்ளூர் மக்கள் நடத்திய துறைமுகம் ஒன்று பல கரைகளின் சமயங்களையும் வணிகர்களையும் ஏற்றுக்கொண்ட கதையாகப் பூஜாங்கைப் படிக்கின்றன. எனக்கும் இதுவே சான்றுகளோடு ஒத்துப்போவதாகப் படுகிறது. வெற்றி கொண்டவரின் நினைவுச்சின்னமாக ஒரு சண்டியைக் கோரினால் அண்டை வீட்டார் அதைத் தம்முடையதாகக் கருத மாட்டார்கள். பிறகு புல்டோசர் வரும்போது தடுக்கப் பாதி ஊர்தான் வரும்.

5. சட்டம் எட்டும் தூரம்

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் பழைய தொல்பொருள் சட்டத்தின் இடத்தில் வந்தது. மரபுரிமை ஆணையர் ஒரு தலத்தை அறிவிக்கலாம். ஆனால் தலம் மாநிலத்துக்குள் இருந்தால் மாநில அரசின் இசைவு வேண்டும். நிலம் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் அதிகாரம் என்பதால் இது இயல்பான ஏற்பாடே. தோட்டப் பள்ளியின் நிலையோ இன்னும் சிக்கலானது. பல பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசினுடையது, நிலம் தோட்ட நிறுவனத்தினுடையது, கட்டடத்தில் பெற்றோர் திரட்டிய பணமும் கலந்திருக்கும், நிர்வாகத்தில் பள்ளி வாரியத்துக்கும் பங்குண்டு. நிலத்தின் பட்டா கையில் இல்லாதவர்கள் கட்டடத்தைப் பழுதுபார்க்கவே அனுமதி கேட்டு நிற்கும்போது மரபுரிமைக்கு விண்ணப்பிப்பது நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை.

நிலம் தொழிலாளர் கையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குக் கெடாவில் ஒரு முன்னோடி உண்டு. தோட்டத் துண்டாடலுக்கு எதிராக அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் இங்குள்ள புக்கிட் சிடிம். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதாமாதம் கொடுத்த சிறுதொகைகள் அதற்கு முதலாயின. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கூட்டுறவாக ஆளப்பட்ட இத்தகைய நிலங்களில் கோயில், பள்ளி, லயம் ஆகியவை மற்ற தோட்டங்களைவிட எவ்வளவு தொடர்ச்சியோடு இருந்தன என்பது ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய பொருள்.

6. ஒரு மறுப்பு

தோட்டம் என்பது ஒடுக்குமுறையின் நிலம். அதை ஏன் பாதுகாக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே இதைக் கேட்கிறார்கள் என்பதால் இது கனமான கேள்வி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள், இடைநிலைப்பள்ளியின் புதுமுக வகுப்பில் மொழி தெரியாமல் தடுமாறியவர்கள் அந்தத் தகரக் கூரையை ஏக்கத்தோடு நினைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆயினும் இந்த மறுப்பு நம்மை எதிர்த்திசைக்கே கொண்டுபோகிறது. மேட்டில் பங்களா, நடுவே கிராணி வீடு, பள்ளத்தில் லயம் என்ற அமைப்பு அழிந்தால் ஒடுக்குமுறையின் சாட்சியமும் அழிகிறது. பங்களாக்கள் விடுதிகளாகவும் விருந்தினர் மாளிகைகளாகவும் மறுவாழ்வு பெறுவதை நாடெங்கும் காண்கிறோம். லயங்களுக்கு அந்த வாய்ப்பு வருவதில்லை. இப்படியே போனால் வருங்காலத் தலைமுறைக்குத் தோட்டம் என்றாலே அகன்ற தாழ்வாரமும் புல்வெளியும் மட்டுமே தெரியும். ஆகவே பாதுகாப்பு அலங்கரிப்பாக இருக்கக் கூடாது. ஒற்றை அறை லயத்தில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அந்த நிலையிலும் பெற்றோர் பணம் திரட்டி வகுப்பறைக்குச் சிமெண்டுத் தளம் போட்டதும் தெரிய வேண்டும்.

7. மண்ணைக் காத்த வளாகங்கள்

மண்ணை எப்படிக் காப்பது என்பதற்குக் கெடாவுக்கு வெளியே சான்றுகள் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகர நெரிசலை விட்டு வெளியே வந்தபோது பெற்ற நிலம் சுமார் 365 ஏக்கர் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும் அந்த நிலத்தின் தாவரங்களைக் கற்று, மரம் நட்டு, வளாகத்தையே பாடமாக்கினார்கள். பின்னர் தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதே காட்டில் களப்பணி செய்தார்கள். தென்சென்னையின் நிலமதிப்பு ஏறியபோதும் காடு எஞ்சியதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

சென்னை ராணி மேரிக் கல்லூரியின் கதை எச்சரிக்கை. 1914இல் டோரத்தி டி லா ஹேயை முதல்வராகக் கொண்டு தொடங்கிய மகளிர் கல்லூரியின் இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட 2003இல் அரசு முடிவு செய்தது. மாணவியர் வளாகத்தை விட்டு நகர மறுத்துப் போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கல்லூரி தொடங்கிய கேப்பர் இல்லம் நிலைக்கவில்லை. மக்கள் போராட்டம் நிறுவனத்தை மீட்கும். பழைய கட்டடத்தை அன்றாடம் பராமரிக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

மலேசியாவிலேயே இதைவிடப் பொருத்தமான சான்று கெப்போங்கில் இருக்கிறது. ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாகச் சீரழிந்து கிடந்த நிலத்தில் 1920களிலிருந்து மரம் நட்டு வளர்த்த வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு 2025இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நூறாண்டுகூட நிறையாத, மனிதக் கைகள் உண்டாக்கிய ஓர் ஆய்வு வளாகத்தின் நிலப்பரப்பு மரபுரிமை ஆகலாம் என்பதை இந்த நாடு உலக அரங்கில் வாதிட்டு வென்றிருக்கிறது. ஒவ்வொரு நடவின் ஆண்டும் இனமும் அங்கே பதிவாகியிருந்ததும், அந்த மரங்கள் தொடர்ந்து ஆய்வுக்குப் பயன்பட்டதும் அந்த வாதத்துக்கு வலு சேர்த்தன. ரப்பர் நிலத்துக்கு இதே வாதத்தை யாரும் இன்னும் முன்வைக்கவில்லை.

8. செமிலிங்கிலிருந்து தொடங்குவது

பீடோங்குக்கும் மெர்போக்குக்கும் இடையே, ஜெராய் மலை தெரியும் தொலைவில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் (ம.இ.கா.) கல்விப் பிரிவு 2001இல் நிறுவியது. கட்சியின் அன்றைய தலைவர் சாமிவேலு இதன் பின்னிருந்த முதன்மையான விசை. சுங்கைப் பட்டாணியில் தற்காலிக இடத்தில் தொடங்கிச் செமிலிங்கில் சுமார் 230 ஏக்கரில் நிலைகொண்டது. கட்டடங்கள் புதியவை, மரபுரிமை என்று சொல்ல எதுவும் இல்லை எனத் தோன்றலாம். ஆனால் இந்தச் சமூகம் தன் முயற்சியால் பெற்ற இவ்வளவு பெரிய கல்வி நிலம் கெடாவில் வேறு இல்லை. ஒருபுறம் பூஜாங் அகழ்விடங்கள், மறுபுறம் தொண்டர் படை எழுந்த தோட்டங்கள் என அது அமர்ந்திருக்கும் இடமே ஒரு பொறுப்பைத் தருகிறது. மருத்துவமும் பல் மருத்துவமும் கற்பிக்கும் பல்கலைக்கழகத்திடம் வரலாற்றுத் துறை கேட்பது அதிகமாக இருக்கலாம். ஓர் ஆவண அறையும், கணினியில் படியெடுக்கும் வசதியும், அந்தப் பணிக்கென இருவரும் போதும். தோட்ட மருத்துவமனைகளின் பதிவுகளும் அதில் சேரும். மலேரியாவும் சிசு மரணமும் குறித்த அந்தத் தாள்கள் மருத்துவ மாணவர்களுக்கே நேரடிப் பாடம்.

இடம் மாறவிருக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கு நான் கேட்பது நான்கு. பழைய வளாகத்தின் அளவு வரைபடம், அதில் கோயில், லயம், ஆயாக் கொட்டகை, கிணறு ஆகியவற்றின் இடக்குறிப்பு. நிற்கும் மரங்களின் பட்டியல். அங்கே படித்த மூத்தவர்களின் குரல்பதிவு. சேர்க்கைப் பதிவேட்டின் படி. செலவு புதுக் கட்டடத்தின் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது. கல்வி அமைச்சின் இடமாற்ற ஒப்புதலுக்கு இதை ஒரு நிபந்தனையாக்கலாம். அது வரும்வரை பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தாமே செய்யலாம். நிலம் தோட்ட நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அளப்பதற்கு மேனேஜரின் ஒரு வரி அனுமதியே தேவை. பதிவேடுகள் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. கெடாவின் ஈரக்காற்றில் கறையான் அவற்றை ஏற்கெனவே தின்னத் தொடங்கியிருப்பதால், நான்கில் முதலில் செய்ய வேண்டியது கடைசியாகச் சொன்னதுதான்.